மண் பெற்ற வீரரும் கல் பெற்ற வீரரும்

உலக வரலாற்றைப் பயில்வோர்க்கு உரோமப் பேரரசின் போர்கள் புதியவை அல்ல. எந்த ஆண்டில் எந்தப் படைத்தலைவன் எந்த நாட்டை வென்றான் என்பதைத் தேர்வுக்காகவேனும் நெட்டுருப் போட்டிருக்கிறோம். ஆனால் போரெல்லாம் முடிந்த பிறகு அந்தப் படைவீரன் எங்கே போனான்? இருபத்தைந்து ஆண்டுகள் வாளேந்திய கை அதன்பின் எதனை ஏந்தியது? பாடநூல்கள் இக்கேள்வியைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. மண்ணுக்குள் கிடக்கும் எச்சங்களோ இதற்கு விரிவாகவே விடை கூறுகின்றன. அவ்விடையைச் சற்று அறிந்துகொண்டு, அதே கேள்வியை நம் செங்கத்து நடுகற்களிடமும் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலனி என்ற சொல்

நம் ஊர்களில் ஆசிரியர் காலனி உண்டு. காவலர் காலனி உண்டு. முன்னாள் இராணுவத்தினர் காலனியும் உண்டு. இச்சொல் ஆங்கிலத்தின் வழியாக நம் தெருப் பலகைகளில் வந்து அமர்ந்தது. ஆனால் இதன் பிறப்பிடம் இலத்தீன் மொழி. 'கொலோனஸ்' என்றால் உழவன். 'கொலோனியா' என்றால் உழவர் குடியேறிய ஊர். அந்த உழவர்களுள் பெரும்பகுதியினர் படைப்பணி முடித்து ஓய்வு பெற்ற வீரர்கள் என்பதுதான் இதில் வியப்பு. செருமனியில் உள்ள கொலோன் நகரம் கி.பி. 50இல் இத்தகைய குடியேற்றத் தகுதி பெற்ற ஊர். 'காலனி' என்பதையே தன் பெயராகக் கொண்டு இன்றும் வாழ்கிறது. இசுபெயின் நாட்டு மெரிடா நகரம் கி.மு. 25இல் அமைந்தது. அதன் பழம்பெயரான 'எமரித்தா' என்பதற்குப் பணி முடித்தோர் ஊர் என்று பொருள் கொள்ளலாம்.

உரோம அரசு ஏன் இவ்வாறு செய்தது? இரக்கத்தினால் என்று எண்ணிவிட வேண்டா. உள்நாட்டுப் போர்கள் ஓய்ந்தபோது பல்லாயிரம் வீரர்கள் ஆயுதப் பயிற்சியோடும் வெறுங்கையோடும் நின்றனர். அவர்களை அப்படியே விட்டால் நிலம் தருவதாகச் சொல்லும் அடுத்த தலைவன் பின்னால் போய்விடுவர். எனவே நிலம் வேண்டியிருந்தது. கி.மு. 41இல் இத்தாலியின் 18 நகரங்களைச் சேர்ந்த நிலங்கள் பறிக்கப்பட்டு வீரர்க்குப் பங்கிடப்பட்டன. உழுதுகொண்டிருந்தவன் ஒரு நாளில் வெளியேற்றப்பட்டான். அதற்குப் பொறுப்பாளரான அதே மனிதர், பிற்காலத்தில் அகஸ்டஸ் என்னும் பேரரசராகிப் பொறிக்கச் செய்த தன்வரலாற்றில், வீரர்க்கான நிலத்தைத் தாம் விலை கொடுத்தே வாங்கியதாகப் பெருமை பேசுகிறார். இத்தாலிய நிலங்களுக்குச் சுமார் 60 கோடி செஸ்டர்சு, மாகாண நிலங்களுக்குச் சுமார் 26 கோடி செஸ்டர்சு என்று கணக்கும் தருகிறார். முதலில் பறித்ததைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

கி.பி. 6இல் அவரே படைவீரர்க்கெனத் தனிக் கருவூலம் ஒன்றை நிறுவினார். மரபுரிமைச் சொத்தின்மீது நூற்றுக்கு 5, ஏலப் பொருளின்மீது நூற்றுக்கு 1 என வரி விதித்து அதனை நிரப்பினார். பணி முடித்த ஒரு படையணி வீரனுக்கு 12,000 செஸ்டர்சு. அன்று ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்சு எனில், ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுச் சம்பளம் ஒரே தவணையில் கிடைத்தது எனலாம். பணத்துக்குப் பதில் நிலமாகப் பெற்றவரும் உண்டு. இக்காலத்து ஓய்வூதியத்தின் மூதாதை இது என்று பொருளியல் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

நிலத்தை அளந்த முறையும் குறிப்பிடத்தக்கது. ஏறக்குறைய 710 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களாக வயல்வெளியைக் கோடிட்டுப் பிரித்தனர். இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் அக்கோடுகள் அழியவில்லை. வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியிலும் துனீசியாவிலும் வானூர்தியிலிருந்து நோக்கினால் வரப்பும் வண்டிப்பாதையும் அதே சதுரங்களைப் பின்பற்றிச் செல்வது தெரியும்.

டிம்காட்டின் நேர்கோட்டுத் தெருக்கள்

இக்குடியேற்றங்களில் எச்சம் முழுமையாகக் காணக் கிடைப்பது அல்சீரிய நாட்டில் உள்ள டிம்காட் ஆகும். கி.பி. 100இல் திராயன் என்னும் பேரரசர் ஆணைப்படி, மூன்றாம் அகஸ்டா படையணியின் வீரர்களே இதனைக் கட்டினர். ஔரேஸ் மலையடிவாரத்தில் மலைவாழ் மக்கள் இறங்கி வரும் வழிகளைக் காவல் காக்கும் இடம் அது. ஓய்வு பெற்றவனுக்கு வீடும் ஆயிற்று, எல்லைக்குக் காவலும் ஆயிற்று என்பது அரசின் கணக்கு.

நகரின் மூல அமைப்பு ஒரு பக்கம் ஏறத்தாழ 350 மீட்டர் கொண்ட சதுரம். வடக்குத் தெற்காக ஒரு பெருந்தெரு, கிழக்கு மேற்காக ஒரு பெருந்தெரு. அவற்றுக்கு இணையாகச் சிறு தெருக்கள். இடையிடையே சதுரங்கக் கட்டங்கள் போன்ற குடியிருப்புப் பகுதிகள். படைமுகாமின் அமைப்பே ஊரமைப்பாகிவிட்டது. வாழ்நாளெல்லாம் வரிசையில் நின்றவன் ஓய்வு பெற்ற பின்னும் வரிசையிலேயே வீடு கட்டிக்கொண்டான்! ஆனால் அவன் பேரப்பிள்ளைகள் அவ்வாறு இருக்கவில்லை. மக்கள் பெருகப் பெருக ஊர் அச்சதுரத்தைத் தாண்டிப் பரவியது. வெளியே எழுந்த தெருக்கள் வளைந்தும் கோணியும் செல்கின்றன. நிலப்படத்தைப் பார்த்த அளவிலேயே எது படைவீரன் கட்டியது, எது அவன் வழியினர் கட்டியது என்று சொல்லிவிடலாம்.

பாவுகல் பதித்த தெருக்களில் வண்டிச் சக்கரம் உராய்ந்த பள்ளங்கள் இன்றும் இருக்கின்றன. ஏறத்தாழ 3,500 பேர் அமரத்தக்க அரங்கம் உண்டு. பத்துக்கும் மேற்பட்ட நீராடும் கூடங்கள் உண்டு. செல்வர் ஒருவர் 4,00,000 செஸ்டர்சு நன்கொடை அளித்துக் கட்டிய நூலகம் ஒன்றும் உண்டு. சந்தை மன்றத்தின் தரைக்கல்லில் யாரோ ஓர் ஆட்டப் பலகையைக் கீறி, அதில் சில சொற்களைப் பொறித்திருக்கின்றனர். வேட்டையாடுவது, நீராடுவது, விளையாடுவது, சிரிப்பது, இதுவே வாழ்வு என்பது அதன் கருத்து. படைமுகாமில் கால் நூற்றாண்டு கழித்தவன் அதனைப் படித்துத் தலையசைத்திருப்பான் என்றே தோன்றுகிறது.

பிற்காலத்தில் ஊர் கைவிடப்பட்டது. மணல் மூடியது. மேலே வேறு நகரம் எழாததால் கீழே இருந்தது பிழைத்தது. 1765இல் ஜேம்ஸ் புரூஸ் என்னும் இசுகாத்துலாந்துப் பயணி இதனைக் கண்டு எழுதினார். 1881இல் பிரெஞ்சுக்காரர் அகழத் தொடங்கினர். 1982இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

எரிந்த மண்ணின் சாட்சி

நாணயத்தின் மறுபக்கத்தைக் காண இங்கிலாந்தின் கோல்செஸ்டருக்குச் செல்லவேண்டும். கி.பி. 49 அளவில் அங்கே உரோமர் தம் ஓய்வு பெற்ற வீரர்களைக் குடியேற்றினர். அவ்விடம் திரினோவாந்தியர் என்னும் மக்களின் சொந்த மண். வந்தவர்கள் மண்ணின் மைந்தரை வீட்டைவிட்டுத் துரத்தினர் என்றும், கைதிகள், அடிமைகள் என்று ஏசினர் என்றும் உரோம வரலாற்றாசிரியர் தாசிதஸே எழுதிவைத்திருக்கிறார். கி.பி. 60 அல்லது 61இல் பூதிக்கா என்னும் அரசியின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. ஊர் முழுவதும் எரிந்தது. கடைசியாகத் தஞ்சம் புகுந்த பேரரசர் கோயிலிலேயே வீரர்கள் மடிந்தனர். இன்றும் அந்நகரில் கட்டடத்துக்கு வானம் தோண்டினால், சிவந்து எரிந்த களிமண் ஓர் அடுக்காக வெளிப்படுகிறது. மண் பெற்ற வீரனின் மகிழ்ச்சியை டிம்காட்டின் ஆட்டப் பலகை சொல்கிறது; மண் இழந்தவனின் சினத்தைக் கோல்செஸ்டரின் சிவந்த மண் சொல்கிறது. தொல்லியல் இவ்விரண்டையும் ஒரே நேர்மையோடு பாதுகாத்து வைத்திருக்கிறது.

அதே ஊரில் 1928இல் ஒரு குதிரைவீரனின் கல்லறைக் கல் கிடைத்தது. பெயர் லாஞ்சினஸ். இன்றைய பல்கேரியப் பகுதியைச் சேர்ந்தவன். தந்தை பெயர், படைப்பிரிவின் பெயர், வாங்கிய சம்பளத் தரம், வயது 40, பணியாற்றியது 15 ஆண்டு, உயிலின்படி வாரிசுகள் நாட்டினர்: இவ்வளவும் அக்கல்லில் உண்டு. எவ்வாறு இறந்தான் என்பது மட்டும் இல்லை. இக்கல்லை மனத்தில் வைத்துக்கொண்டு நாம் நம் ஊருக்குத் திரும்புவோம்.

நம் நாட்டில் உண்டா?

தமிழகத்துக்கும் உரோமுக்கும் தொடர்பு உண்டென்றதும் அரிக்கமேடு நினைவுக்கு வரும். 1945இல் மார்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது இத்தாலிய நாட்டு மட்கலங்களின் ஓடுகள் கிடைத்தன. ஆயினும் அது வணிகம் நடந்த துறை. படைவீரர் குடியேறிய ஊர் அன்று. நம் மண்ணில் உரோமக் 'கொலோனியா' எதுவும் இருந்ததில்லை.

நம் அரசர்கள் அமைத்த படைக்குடியிருப்புகள் உண்டா எனில், உண்டு. முதற் குலோத்துங்கன் பாண்டிய நாட்டை வென்ற பின், கோட்டாறு உள்ளிட்ட வழிகளில் நிலைப்படைகளை நிறுத்தினான் என்பதை அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. கோட்டாறு இன்று நாகர்கோவிலின் ஒரு பகுதி. வழியைக் காக்கும் இடத்தில் வீரரை நிலைகொள்ளச் செய்த வகையில் இது டிம்காட்டை நினைவூட்டுகிறது. ஆனால் நேர்கோட்டுத் தெருவோ மதிலோ எஞ்சவில்லை. சொல் மட்டுமே எஞ்சியது. ஈழத்தில் பொலன்னறுவையில் உள்ள வேளைக்காரர் கல்வெட்டு மற்றொரு சான்று. முதலாம் விசயபாகு மன்னன் காலத்துக்குப் பின், அங்கேயே நிலைத்துவிட்ட தமிழ்ப் படையினர் புத்தர் பல்சின்னக் கோயிலைத் தாம் காப்பதாகத் தமிழில் உறுதி எழுதிக் கொடுத்த கல் அது.

அண்மைக் காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1969 முதல் இந்திய அரசு பெரிய நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் முன்னாள் படைவீரர்களைக் குடியேற்றியது. பஞ்சாபியர், மராட்டியர், கேரளர், தமிழர் எனப் பல மாநிலத்தாரும் அடங்கிய சுமார் 330 குடும்பங்கள். காட்டைத் திருத்தித் தென்னை வைத்தனர். நாட்டின் தென்கோடி எல்லைக்கு மக்கள் வேண்டும், ஓய்வு பெற்றவனுக்கு நிலம் வேண்டும் என்ற அதே பழைய கணக்கு! அத்தீவு சோம்பேன் மக்களுக்கும் நிக்கோபாரியருக்கும் சொந்த மண் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை அக்கரையோரக் குடியிருப்புகளைப் பெரிதும் அழித்தது.

இவையெல்லாம் உயிரோடு திரும்பிய வீரர்க்கு அளித்தவை. நம் மாவட்டத்தில் எஞ்சியிருக்கும் சான்றுகளோ திரும்பாத வீரர்க்கு உரியவை.

செங்கத்து நடுகற்கள்

திருவண்ணாமலையிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் இருக்கும் செங்கம், பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் போற்றும் நன்னன் சேய் நன்னனின் ஊர். சவ்வாது மலைக்கும் தென்பெண்ணைக்கு அப்பாலுள்ள கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட இவ்வழியே மேட்டு நிலத்திலிருந்து கீழ்நாட்டுக்கு இறங்கும் கணவாய். 1767இல் ஐதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி சோசப் சுமித்தின் படையும் முதலில் செங்கத்திலும், சில வாரங்களில் திருவண்ணாமலையிலும் மோதியது இவ்வழியின் சிறப்பினால்தான். வழி உண்டெனில் வருவோர் உண்டு. வருவோர்க்கு இங்கே கவர்ந்து செல்லப் பொன்னும் மணியும் இல்லை. மானாவாரிப் பூமி; மேய்ச்சல் காடு. ஆடுமாடுகளே செல்வம். கல்வெட்டு மொழியில் ஆநிரைக்குத் 'தொறு' என்று பெயர். தொறுவைக் கவர வந்தவரோடும், கவர்ந்தவரைத் துரத்தியும் பொருது மடிந்தவர்க்கு ஊரார் கல் நட்டனர்.

1972இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை வெளியிட்டது. அதுவரை வயலோரத்தில் எண்ணெயும் மஞ்சளும் பூசிக்கொண்டு நின்ற கற்கள் அதன்பின் ஆராய்ச்சி உலகின் பொதுச்சொத்தாயின. மிகப் பழைய கற்கள் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் முதலிய பல்லவ மன்னர் காலத்தவை. எழுத்து வட்டெழுத்து. ஒரு கையில் வில், மறுகையில் குறுவாள், முன்னோக்கிப் பாயும் கால்கள், சில கற்களில் உடலில் தைத்த அம்புகள், காலடியில் கெண்டியும் சிமிழும்: இதுவே சிற்பத்தின் பொது அமைப்பு.

இக்கற்களுள் யான் தலையாயதாகக் கருதுவது எடுத்தனூர்க் கல்லாகும். தண்டராம்பட்டுப் பகுதியில் உள்ள சிற்றூர் எடுத்தனூர். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. வாணர் குலத்து அரசரின் மருமக்கள் பொற்றொக்கையார். அவருடைய இளமகன், அதாவது சேவகனாகிய வீரன், கருந்தேவக்கத்தி. அவன் தன் எருமைகளைக் காக்கும் பூசலில் வீழ்ந்தான். அவனுக்கு நட்ட கல் இது. இவ்வளவே செய்தி.

ஆனால் கல்லில் வீரன் தனியாக இல்லை. பின்னே ஒரு நாய் நிற்கிறது. அதற்கும் தனியே எழுத்துண்டு. கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்திருந்த செய்தியை ஊரார் கல்லில் வெட்டியிருக்கின்றனர். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுத்து வெட்டுவது எளிய செயலன்று. ஒவ்வோர் எழுத்துக்கும் உளியும் உழைப்பும் செலவு. அச்செலவை ஒரு நாயின் பெயருக்காகச் செய்ய ஓர் ஊர் முன்வந்தது. கோவிவனின் பெயர் நமக்குத் தெரிகிறது. டிம்காட்டில் முதன்முதல் வீடு கட்டிய வீரர்களுள் பெரும்பாலோர் பெயர் எவர்க்கும் தெரியாது.

இக்கல்லுக்கு மற்றொரு பயனும் உண்டு. மகேந்திரன் கி.பி. 600 அல்லது அதற்குப் பின் அரியணை ஏறி 630 அளவில் மறைந்தான் என்று பழைய நூல்கள் எழுதிவந்தன. அவனுக்கு 34ஆம் ஆட்சியாண்டு உண்டெனில் அக்கணக்கு பொருந்தாது. 630 என்ற முடிவை அப்படியே கொண்டால், 600க்குச் சில ஆண்டுகள் முன்னரே அவன் ஆட்சி தொடங்கியிருக்க வேண்டும். மாமண்டூரிலும் மண்டகப்பட்டிலும் குடைவரைகளை எழுப்பிய பெருவேந்தனின் காலக்கணக்கைத் திருத்தும் பேறு, எருமை காத்து மாண்ட ஒருவனின் கல்லுக்கு வாய்த்தது.

இப்போது லாஞ்சினஸின் கல்லை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அக்கல் பணிப் பதிவேடு போன்றது. எத்தனை ஆண்டுப் பணி, என்ன தரம், யார் வாரிசு என்று கூறுகிறது; இறந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. நம் கல்லோ அந்த ஒரு நாளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கருந்தேவக்கத்தியின் வயதென்ன, எத்தனை ஆண்டு சேவகம் செய்தான், மனைவி மக்கள் உண்டா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டன்று. அவன் யாருடைய ஆள், எதைக் காத்தான், எவ்விடத்தில் வீழ்ந்தான் என்பதே பொருள். பேரரசர் திராயன் டிம்காட் நகரின் முழுப்பெயரில் தம் பெயரையும் தம் தமக்கையின் பெயரையும் ஏற்றி வைத்தார். எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் பெயர் ஆண்டைக் குறிக்க மட்டும் பயன்பட்டது. இன்று நாம் தேதி போடுவதுபோல!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். செங்கத்து வீரரை உரோமப் படையணி வீரரோடு முழுவதும் ஒப்பிட இயலாது. சம்பளமும் இருபத்தைந்தாண்டு ஒப்பந்தமும் கொண்டவர் அல்லர் இவர். சிற்றரசனின் சேவகன், ஊர்க்காவலன், சில வேளை மாட்டுக்குச் சொந்தக்காரன். காத்தது பேரரசின் எல்லையை அன்று. தன் ஊர்க் கொட்டிலை.

கல் மட்டும் வயிற்றை நிரப்புமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீழ்ந்தவன் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி, இரத்தக்காணிக்கை என்று பல காலத்துக் கல்வெட்டுகள் அந்நிலத்தைப் பலவாறு அழைக்கின்றன. நெய்த்தோர் என்றாலும் உதிரம் என்றாலும் குருதிதான். உரோமன் நிலத்தை ஊழியத்தின் ஆண்டுக்கணக்கால் அளந்து கொடுத்தான். இங்கே நிலத்தின் பெயரிலேயே அதன் விலை எழுதப்பட்டது. வேற்று நாட்டான் வயலைப் பறித்துக் கொடுத்த நிலமன்று அது. தன் ஊர் எல்லைக்குள் ஊராரோ தலைவனோ விட்டுக்கொடுத்த பங்கு. அதனால்தான் செங்கத்துக் கற்களின் கீழே கோல்செஸ்டரின் எரிந்த மண் இல்லை.

ஆயினும் நம் முறையில் ஒரு குறை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொறுவை மீட்டு உயிரோடு திரும்பியவன் என்ன பெற்றான்? ஒரு கை இழந்து திரும்பியவனுக்கு யார் சோறிட்டார்? கற்கள் இதற்கு விடை சொல்வதில்லை. அவை பட்டவனை மட்டுமே பாடும். டிம்காட்டின் எச்சங்கள் பிழைத்தவனின் முதுமையைக் காட்டுகின்றன: அவன் நீராடிய தொட்டி, அமர்ந்த படிக்கட்டு, காய் நகர்த்திய பலகை. செங்கத்தில் பிழைத்தவன் வரலாற்றின் கண்ணுக்குத் தெரியாமல் போனான். வேலூருக்கு அருகில் கம்மவான்பேட்டை என்னும் ஊரை இன்று மக்கள் இராணுவப்பேட்டை என்றே அழைக்கின்றனர். வீட்டுக்கு வீடு படைக்குச் சென்றவர் உண்டு. ஓய்வூதியம் வாங்கும் நாளில் அங்கே திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரின் ஏழாம் நூற்றாண்டு முன்னோர் எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதை எந்தக் கல்லும் கூறவில்லை.

கல்லைக் காணும் கண்

நடுகல் நடுவது திடீரென்று பல்லவர் காலத்தில் தோன்றிய வழக்கமன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று ஆகோள் பூசலில் இறந்தவனைக் குறிக்கிறது. ஆக, எடுத்தனூர்க் கல்லுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இலக்கியம் சொல்லும் வழக்கமும் கல் சொல்லும் வழக்கமும் ஒன்றாயிருந்தன என்பது உறுதியாயிற்று.

டிம்காட்டுக்கு மணல் காவலாக இருந்தது. நம் கற்களுக்கு அத்தகைய காவல் இல்லை. அவை திறந்த வெளியில், ஏரிக்கரையில், வயல் வரப்பில் நிற்கின்றன. பலகைபோல் தட்டையாக இருப்பதால் வாய்க்காலுக்குப் பாலமாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் பயன்படத் தக்கவை. சாலை அகலப்படும்போது எந்திரத்தின் முன் ஒரு வட்டெழுத்துக் கல்லும் வெறுங்கல்லும் ஒன்றே. நம் கல்லூரிக்குச் செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் போளூரிலிருந்தும் மாணவர்கள் வருகின்றனர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வில்லேந்திய உருவமுள்ள கல் எதுவும் தென்பட்டால் எழுத்து இருக்கிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில், காலையிலோ மாலையிலோ பாருங்கள். உச்சிவெயிலில் எழுத்து தெரியாது. சுண்ணாம்போ வண்ணமோ பூசவேண்டா. கூரிய கருவியால் சுரண்டவும் வேண்டா. ஊர்ப்பெயரும் கல் நிற்கும் இடமும் குறித்து, நிழற்படம் எடுத்து, வரலாற்றுத் துறை ஆசிரியரிடமோ தொல்லியல் துறையிடமோ தெரிவித்தால் போதும்.

இதுவரை இக்கற்களைக் காத்தவர்கள் யார் என்றும் பார்க்கவேண்டும். பாதுகாப்புச் சட்டமன்று, பக்தி. செங்கம், ஊத்தங்கரை, அரூர்ப் பகுதிகளில் வில்லோடு நிற்கும் நடுகல்லை மக்கள் வேடியப்பன் என்று வணங்குகின்றனர். வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் எவரும் இல்லாமற்போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. எருமை காத்தவன் பெயரும் அவன் தலைவன் பெயரும் மறந்துபோயின. ஆனால் வில் மறக்கவில்லை. வில் பிடித்தவன் வேடன். வேடன் நம் அப்பன் என்று முடிவு கட்டிப் பொங்கலிட்டு, பிள்ளைகளுக்கு அவன் பெயரையே சூட்டினர். நம் கல்லூரி வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் வேடியப்பன் என்னும் பெயர் ஏதேனும் ஒரு வகுப்பில் கட்டாயம் கண்ணில் படும்.